அப்பா பாண் தோய்த்த சட்டி

தொண்ணூற்றாறாம் ஆண்டு, ஒக்ரோபர் மாதம், ஒரு சனிக்கிழமைப் பின்னேரம். ரொறொன்ரோ நகரின் காலேஜ் வீதியில் இருந்த ஒரு சின்ன ஸ்பானிய உணவகத்தில் நாங்கள் ஐந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். அப்பா அங்கே வாயில் ஏதாவது வைப்பாரா, மாட்டாரா என்பதில் என் கல்யாணம் தொங்கிக்கொண்டிருந்தது. கேட்கிறவர்களுக்கு இது விளையாட்டாகத் தெரியலாம். எங்கள் சனத்தைத் தெரிந்தவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

அப்போது நாங்கள் நகரின் ஓரத்தில், அஜின்கோர்ட்டில் இருந்தோம். நான் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்துகொண்டு, பின்னேரங்களில் கம்பியூட்டர் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். அங்கேதான் அவரைச் சந்தித்தேன். ஊர் மன்னார். அமைதியான மனிதர், ஆனால் நான் கோபப்பட்டால் மட்டும் சிரிப்பார். எங்கள் வீட்டில் அவருக்குப் பெயரே கிடையாது. அப்பா எப்போதாவது குறிப்பிட வேண்டி வந்தால் 'அந்த மன்னார்க்காரன்' என்பார். நானும் அவரை மன்னார்க்காரர் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

அவர் கத்தோலிக்கர். அப்பா சொன்ன காரணம் அதுதான், அவர்கள் வேதக்காரர், எங்களுக்குச் சரிவராது. அது முழு உண்மை இல்லை என்று எனக்குத் தெரியும். நான் சின்னவளாக இருந்தபோது காய்ச்சல் வந்து கிடந்ததற்கு மடுமாதாவுக்கு நேர்த்தி வைத்து, அந்த வேதக்காரரின் கோயிலிலேயே ஆளுயர மெழுகுதிரி கொளுத்தியவரும் இதே அப்பாதான். மற்றக் காரணம் எங்கள் வீடுகளில் உரத்துச் சொல்லப்படாதது. 'கடற்கரைச் சனம்' என்று அவர் குசினிக்குள் அம்மாவிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னது என் காதில் விழுந்தது. பிறப்புச் சாட்சிப் பத்திரத்தைக்கூட வழியில் தொலைத்துவிட்டு வந்த சனம் நாங்கள். இதை மட்டும் ஒரு கீறல் விழாமல் கனடாவுக்குக் கொண்டுவந்து சேர்த்திருந்தோம்.

அப்பாவை விட்டுவிட்டு நாங்கள் இருவரும் போய்ப் பதிவு செய்திருக்கலாம், வயது இருந்தது. ஆனால் எங்களையெல்லாம் இங்கே கூப்பிடுவதற்காக அவர் பட்ட பாட்டை நான் பார்த்தவள். ஊரில் அரசாங்கக் கச்சேரியில் பெரிய கிளாக்கராக இருந்த மனிதர், இங்கே ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் வாசலில் செக்கியூரிட்டியாக நின்றார். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்க மாலை மாற்ற எனக்கு மனம் வரவில்லை. அவர் 'ஓம்' என்று சொல்ல வேண்டும், இல்லையென்றால் இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று மன்னார்க்காரரிடம் சொல்லியிருந்தேன். அவர் அதற்கும் சிரித்தார், ஆனால் அன்றைக்குக் கொஞ்சம் வாடிய சிரிப்பு.

அம்மா தொடர்ந்து கரைச்சல் கொடுத்ததில், ஒருக்கால் சந்தித்துக் கதைக்கலாம் என்று அப்பா இறங்கி வந்தார். எங்கே சந்திப்பது என்பதில் அடுத்த சிக்கல் வந்தது. அவர்கள் வீட்டுக்குப் போக மாட்டார். சம்பந்தம் செய்ய மனம் இல்லாத வீட்டில் கை நனைப்பதில்லை என்பது எங்கள் வழக்கம். தேத்தண்ணி கொடுத்தால்கூட, இப்போதுதான் குடித்துவிட்டு வந்தோம் என்று சொல்லி, கோப்பையைத் தொடாமல் எழும்பிவிடுவோம். கொடுத்தவர்களுக்கும் விளங்கிவிடும், வாயைத் திறந்து மறுக்க வேண்டிய தேவையே இராது. அவர்கள் எங்கள் வீட்டுக்கு வரவும் கூடாது. வந்து சாப்பிட்டால் நாங்கள் திருப்பிப் போக வேண்டி வரும். ஸ்காபரோவில் இருக்கிற எங்கள் ஆட்களின் சாப்பாட்டுக்கடைகள் பேச்சுக்கே இல்லை. அங்கே வடை ஆறுவதற்கு முன் கதை றிச்மண்ட் ஹில் கோயில் வரைக்கும் போய்விடும். எங்கள் சனம் எட்டியும் பார்க்காத ஒரு கடையாகப் பார்க்கச் சொன்னார் அப்பா. கடைச் சாப்பாடு என்றால் யார் வீட்டுச் சாப்பாடும் இல்லை, சாப்பிட்டாலும் ஒன்றுமில்லை, சாப்பிடாவிட்டாலும் ஒன்றுமில்லை என்பது அவர் கணக்கு.

மன்னார்க்காரர் சொன்ன இடம்தான் இந்த ஸ்பானிய உணவகம். அகதியாக வந்து இறங்கியதும் அவர் அங்கேதான் கோப்பை கழுவினார். அந்தக் காலத்தில் ரொறொன்ரோவின் பாதி உணவகங்களில் பின்பக்கம் எங்கள் பெடியன்கள்தான் நின்றார்கள். பிறகு படித்து ஒரு கம்பெனியில் நல்ல வேலைக்குப் போய்விட்டாலும், அந்தக் கடைக்காரப் புருசன் பெண்சாதியோடு உறவை விடவில்லை. அங்கே 'தபாஸ்' என்று சின்னச் சின்னத் தட்டுகளில் பல வகை தருவார்கள், மாடு பன்றி வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டேன், ஒருவருக்கும் சங்கடம் இராது என்று தொலைபேசியில் உறுதியாகச் சொன்னார். நானும் நம்பினேன்.

அப்பா ரை கட்டி, கோட் போட்டு வந்தார். அம்மா காஞ்சிபுரத்துக்கு மேல் தடித்த ஜக்கெற் போட்டுக்கொண்டு, சாப்பிட ஒன்றும் இல்லாவிட்டால் உதவும் என்று கைப்பைக்குள் மிக்ஸர் பொட்டலம் ஒன்றும் வைத்திருந்தார். நாங்கள் போனபோது மன்னார்க்காரரும் அவருடைய தாயாரும் முன்னரே வந்து வாசலில் நின்றார்கள். தாயார் முந்தின வருடம்தான் கனடாவுக்கு வந்தவர். கணவர் ஊரிலேயே இறந்துவிட்டார். ஒரு ஹோட்டலில் படுக்கை விரிப்புகள் மடிக்கிற வேலை. வெள்ளையில் நீலப் பூப்போட்ட சேலை, கறுப்புச் சுவெற்றர், கழுத்தில் மெல்லிய சங்கிலியில் ஒரு சிலுவை. அப்பாவைப் பார்த்துக் கைகூப்பி, "வாங்கோ அண்ணை" என்றார். சொந்த வீட்டு வாசலில் நின்று கூப்பிடுவது போல இருந்தது.

உள்ளே காலடி வைத்ததுமே முதல் இடி. கடைக்காரப் பெண்மணி ஓடிவந்து மன்னார்க்காரரைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். அப்பா சுவரில் தொங்கிய எருதுப் படத்தை மிகக் கவனமாகப் பார்க்கத் தொடங்கினார்.

இரண்டாவது இடி சாப்பாட்டோடு வந்தது. முதலில் ஒரே ஒரு சின்னத் தட்டில் பொரித்த உருளைக்கிழங்கு, மேலே சிவப்பாக ஒரு உறைப்புச் சோஸ். அதை மேசையின் நடுவில் வைத்துவிட்டுப் போய்விட்டார் அந்தப் பெண்மணி. ஆளுக்கு ஒன்று வரும் என்று காத்திருந்தோம். வரவில்லை. கொஞ்ச நேரத்தில் வேறொரு தட்டில் முட்டையும் கிழங்கும் சேர்த்து அடை மாதிரிச் சுட்டது வந்தது. அதுவும் நடுவில். நாங்கள் ஒருவரும் தொடாமல் இருப்பதைப் பார்த்து அவர் திரும்பி வந்து, இது எல்லாரும் ஒரே தட்டில் எடுத்துச் சாப்பிடுகிற சாப்பாடு, வெட்கப்படாமல் முள்ளுக்கரண்டியால் குத்தி எடுங்கள் என்று சிரித்துக்கொண்டே விளக்கினார்.

பக்கத்து மேசையைப் பார்த்தேன். நாலு பேர் கதைத்துக்கொண்டே, வாயில் வைத்த முள்ளுக்கரண்டியைத் திரும்பவும் அதே தட்டில் குத்திக்கொண்டிருந்தார்கள். அப்பாவும் பார்த்தார். எங்கள் வீட்டில் குடும்பத்துக்குள்ளேயே எச்சில் பார்க்கிறவர் அவர். தண்ணீரைச் செம்பில் வாய் படாமல் அண்ணாந்து குடிப்பவர். யார் கையால் எதை வாங்கிச் சாப்பிடலாம் என்று வாழ்நாள் முழுவதும் அளந்து பார்த்தவரை, அவர் கை நனைக்க மறுத்த குடும்பத்தோடு ஒரே தட்டில் சாப்பிடக் கொண்டுவந்து உட்கார வைத்திருந்தோம்.

நான் மன்னார்க்காரரை எரித்துவிடுவது போலப் பார்த்தேன். அவருக்கு நெற்றி வேர்த்துவிட்டது. என் பக்கம் சரிந்து, "பின்னுக்கு நிண்டு கழுவினனான், முன்னுக்கு இருந்து சாப்பிட்டுப் பாக்கேல்லை" என்றார் மெல்ல. அவர் கண்டதெல்லாம் குசினிக்குத் திரும்பி வரும் வெறும் தட்டுகள்தான். ஆளுக்கொரு சின்னத் தட்டு என்றே இத்தனை வருடமும் நினைத்திருக்கிறார். ஊரில் பிறந்த எங்கள் ஆள் ஒருவருக்கு வேறு எப்படி நினைக்கத் தோன்றும்?

அப்பா முள்ளுக்கரண்டியை எடுத்து, கை துடைக்க வைத்திருந்த லேஞ்சியின் மேல் ஒழுங்காக வைத்தார். வயிறு கொஞ்சம் சரியில்லை, நீங்கள் சாப்பிடுங்கள் என்றார். மிகவும் மரியாதையாகத்தான் சொன்னார். பதில் வந்துவிட்டது, இனி ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு புறப்பட வேண்டியதுதான்.

அப்போதுதான் தாயார் அந்தப் பெண்மணியைக் கையால் கூப்பிட்டு, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் ஒரு தட்டும் ஒரு பெரிய கரண்டியும் கேட்டார். வந்ததும், எவரும் தொடாமல் கிடந்த அந்த இரண்டு தட்டுகளிலிருந்தும் நல்ல துண்டுகளாகப் பார்த்து அள்ளி வைத்து அப்பாவின் முன்னால் நகர்த்தினார்.

"ஒருத்தரும் கை வைக்க முதல் எடுத்தது அண்ணை. பிடிச்சாச் சாப்பிடுங்கோ, இல்லாட்டி அப்படியே இருக்கட்டும்."

குரலில் குத்தல் இல்லை, கெஞ்சலும் இல்லை. அப்பாவின் மனதில் ஓடியது முழுவதும் தாயாருக்குத் தெரிந்திருக்கிறது என்பது மட்டும் எனக்கு விளங்கியது. உண்மையைச் சொன்னால், அந்த நேரத்தில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பா மேல் கோபம், அதைவிடத் தாயார் மேல் கோபம். ஏன் இவ்வளவு தணிந்து போகிறார், எழும்பிப் போனால் என்ன என்று நினைத்தேன். நானாக இருந்தால் போயிருப்பேன், போகிற போக்கில் நாலு வார்த்தையும் கேட்டிருப்பேன்.

யாரும் எதிர்பாராமல் முதலில் கரண்டியை நீட்டியவர் அம்மா. நடுவில் இருந்த தட்டிலிருந்து ஒரு கிழங்கைக் குத்தி வாயில் வைத்து, மென்று, அதே முள்ளுக்கரண்டியால் அடுத்த துண்டையும் குத்தினார். "நல்ல உறைப்பு" என்றார், அப்பாவைப் பார்க்காமல். முப்பது வருடத்துக்கு மேல் அப்பாவோடு குடும்பம் நடத்திய அம்மா அவரை எதிர்த்துச் செய்த ஒரே காரியம் அதுவாகத்தான் இருக்கும். நாங்களும் சாப்பிடத் தொடங்கினோம். அப்பா தன் தட்டிலிருந்த அடையின் ஒரு மூலையைக் கிள்ளி வாயில் போட்டார். அது சாப்பிட்டதாக ஆகுமா, ஆகாதா என்று என்னால் தீர்மானிக்க முடியவில்லை.

தட்டுகள் வந்துகொண்டே இருந்தன. கடலையும் கீரையும் போட்ட பிரட்டல், சுட்ட மிளகாய், மீன் பொரியல். ஒவ்வொன்று வரும்போதும் தாயார் அந்தப் பெரிய கரண்டியால் முதலில் அப்பாவுக்கு எடுத்து வைப்பார், பிறகுதான் நாங்கள். கல்யாணத்தைப் பற்றி ஒரு சொல் எடுக்கவில்லை. மகனுடைய சம்பளம், படிப்பு, வாங்கப் போகிற வீடு, ஒன்றும் இல்லை. அப்பாவின் வேலையைப் பற்றிக் கேட்டார்.

"உங்கடை வேலையிலை நிண்டுகொண்டே நிக்கவேணுமோ அண்ணை, கதிரை தருவினமோ?"

நாள் முழுவதும் நின்று துணி மடிக்கிறவர் கேட்ட கேள்வி. அப்பா நிமிர்ந்து பார்த்தார். கதிரை இருக்கிறது, ஆனால் தான் உட்காருவதில்லை என்றார். ஏன் என்று கேட்டார் தாயார். கட்டடத்துக்குள் வருகிறவர்கள் செக்கியூரிட்டி உட்கார்ந்திருப்பதைக் கண்டால் தாண்டிப் போய்விடுவார்கள், நின்றால் ஒரு குட்மோர்னிங் சொல்வார்கள் என்றார் அப்பா. அந்த ஒரு குட்மோர்னிங்குக்காக அவர் நின்றுகொண்டிருக்கிறார் என்பது அம்மாவுக்கோ எனக்கோ அதுவரை தெரியாது. பிறகு மடை திறந்தது. எந்த மாடியில் யார் இருக்கிறார்கள், எந்தக் கிழவிக்கு மகன் வந்து பார்ப்பதில்லை, எந்த நாய்க்குத் தன்னைப் பிடிக்கும் என்று அப்பா கைகளை ஆட்டி ஆட்டிக் கதைக்கத் தொடங்கினார். தாயார் முழங்கையை மேசையில் ஊன்றிக் கேட்டுக்கொண்டிருந்தார். வாய்க்குச் சும்மா கேட்பதும் உண்மையாகக் கேட்பதும் வேறு. அவர் உண்மையாகவே கேட்டார், இடையில் அந்த நாயின் பெயரையும் விசாரித்தார்.

இந்த நேரத்தில்தான் இறால் வந்தது. சின்ன மண்சட்டி ஒன்றில், கொதிக்கிற ஒலிவ் எண்ணெய்க்குள் உள்ளிப்பூண்டும் செத்தல் மிளகாயும் போட்டு வாட்டிய இறால். மேசையில் வைத்த பிறகும் சட்டி சளசளவென்று சத்தம் போட்டது. கூடவே ஒரு கூடை பாண், தடித்த ரொட்டித் துண்டுகள். உள்ளி வாசம் மூக்கில் ஏறியதும் அப்பாவின் கதை ஒரு கணம் நின்று, பிறகு தொடர்ந்தது. எங்கள் வீட்டில் இறால் குழம்பு வைத்தால் கடைசியில் சட்டியைப் பாணால் வழித்துத் துடைக்கிற உரிமை அப்பாவுக்கு மட்டும்தான். அதற்கு அம்மாகூடப் போட்டிக்கு வருவதில்லை.

வழமைபோலத் தாயார் முதலில் அவருக்கு இறாலை எடுத்து வைத்தார். அப்பா கதைத்துக்கொண்டே அதைத் தின்று முடித்தார், இந்த முறை கிள்ளித் தின்னவில்லை. நாங்கள் பாணைப் பிய்த்துச் சட்டியில் தோய்த்துத் தின்றோம். எல்லாருடைய கையும் அந்த எண்ணெய்க்குள் போய்ப் போய் வந்தது. அப்பா, லிஃப்ற் வேலை செய்யாத நாளில் ஒரு கிழவரின் சாமான்களைத் தான் தூக்கிக்கொண்டு படி ஏறிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். கதையின் நடுவில் ஒரு பாண்துண்டைப் பிய்த்தார். கையை நீட்டி, நடுவில் இருந்த சட்டிக்குள் விட்டு, உள்ளியும் சேர வழித்து எடுத்து, வாயில் வைத்துப் பாதியைக் கடித்தார்.

கடித்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது. கதை நின்றது. மிச்சப் பாண் விரல்களுக்கிடையில், எண்ணெய் வடிந்து மணிக்கட்டு வரை போய்க்கொண்டிருந்தது. அம்மா அவரைப் பார்த்தார், நான் பார்த்தேன், மன்னார்க்காரர் பார்த்தார். எங்களில் ஒருவர் சிரித்திருந்தால், 'பாருங்கோ, சாப்பிட்டிட்டியள்' என்று ஒரு பகிடி விட்டிருந்தால், அப்பா அந்தத் துண்டைக் கீழே வைத்துவிட்டு எழும்பியிருப்பார். பிறகு ஒரு நாளும் இறங்கி வந்திருக்க மாட்டார். எனக்கு அப்பாவைத் தெரியும்.

தாயார் மட்டும் அப்பாவைப் பார்க்கவில்லை. கூடைக்குள் எட்டிப் பார்த்தார்.

"தம்பி, பாண் முடியப்போகுது. இன்னும் கொஞ்சம் கொண்டு வரச்சொல்லு" என்றார் மகனிடம்.

சொல்லிக்கொண்டே கூடையில் கிடந்த கடைசித் துண்டுகளில் ஒன்றை எடுத்து, அப்பா கை விட்ட அதே இடத்தில், அதே எண்ணெயில் தோய்த்துத் தன் வாயில் வைத்தார். மென்று முடித்துவிட்டு அப்பாவிடம் திரும்பி, "பிறகு? அந்தக் கிழவர் எத்தினையாம் மாடி அண்ணை?" என்று கேட்டார்.

அப்பா கையிலிருந்த மிச்சப் பாணைப் பார்த்தார், அதை வாயில் போட்டு முடித்தார். "ஒன்பதாம் மாடி" என்றார். பிறகு இன்னொரு துண்டை எடுத்து, இந்த முறை சட்டியை நன்றாகப் பார்த்துக்கொண்டே, தாயார் கை போய் வந்த அதே எண்ணெயில் தோய்த்தார். முதல் தடவை அவர் மறந்து செய்தது. இரண்டாவது தடவை தெரிந்து செய்தது. மேசைக்குக் கீழே மன்னார்க்காரர் என் கையைப் பிடித்தார், அவருடைய கை ஈரமாக இருந்தது. புதுப் பாண் வந்ததும் அப்பாவும் தாயாருமாகச் சட்டியைக் கழுவத் தேவையில்லாத அளவுக்கு வழித்தார்கள். அந்தப் பெரிய கரண்டியை அதற்குப் பிறகு எவரும் தொடவில்லை.

வெளியே வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது, நல்ல குளிர். வாசலில் நின்று விடைபெறும்போதும் அப்பா கல்யாணத்தைப் பற்றிப் பேசவில்லை. கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பூட்டினார். வீதியில் தண்டவாளத்தில் வந்த ஸ்ரீற்கார் கடந்து போகும் வரை காத்திருந்து, பிறகு தாயாரைப் பார்த்துச் சொன்னார்.

"உங்கடை வீட்டிலை இறால் காய்ச்சுற நாளைச் சொல்லுங்கோ. வாறம்."

"ஓம் அண்ணை. பாணும் வாங்கி வைக்கிறன்" என்றார் தாயார்.

அம்மா கைப்பைக்குள் கையை விட்டு மிக்ஸர் பொட்டலத்தை எடுத்துத் தாயாரின் கையில் வைத்தார். அவருக்கு வேறு ஒன்றும் கொடுக்கத் தோன்றவில்லை. நான் அந்த நடைபாதையிலேயே அழுதுவிட்டேன்.

அடுத்த வருடம் எங்களுக்குக் கல்யாணம் நடந்தது. தாயார் எனக்கு மாமியானார், பல வருடங்கள் எங்களோடு, ரூஜ் பகுதியில் நாங்கள் வாங்கிய வீட்டில் இருந்தார். அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் வந்துவிடுவார், மாமியின் இறால் சட்டிக்கு அவர்தான் கடைசி ஆள். ஒருநாள் குசினியில் நானும் மாமியும் தனியாக இருந்தபோது, நெடுங்காலம் மனதில் கிடந்ததைக் கேட்டேன். அப்பா ஏன் கரண்டியை வைத்தார் என்று தெரிந்தும் ஏன் எழும்பிப் போகவில்லை, எனக்கென்றால் அவமானமாக இருந்திருக்குமே என்றேன். மாமி உள்ளி உரித்துக்கொண்டிருந்தார், கை நிற்கவில்லை.

"எனக்கும் அவமானம்தான் பிள்ளை. தெரிஞ்சுதானே வந்தனான். ஆனா எழும்பிப் போனா அவர் நினைச்சது சரியெண்டு ஆகிப்போகும். அவரைச் சாப்பிட வைச்சிட்டா மிச்சத்தைச் சாப்பாடு பாத்துக்கொள்ளும் எண்டு இருந்தன்."

தணிந்து போகிறார் என்று நான் நினைத்த அந்த நேரத்தில், எங்கள் ஐந்து பேரிலும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தவர் அவர் ஒருவர்தான். அன்றைக்கு அப்பா பாணைத் தோய்த்ததைக் கண்டீர்களா என்றும் கேட்டேன். "நான் பாண் கூடையையெல்லோ பாத்துக்கொண்டிருந்தனான்" என்றார், உள்ளியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இப்போது அப்பாவும் இல்லை, மாமியும் இல்லை. அந்த உணவகமும் எப்போதோ மூடிவிட்டது. எனக்கு இன்னும் கோபம் வருகிறது, வாயும் குறையவில்லை. ஆனாலும் யாராவது தன் பிடிவாதத்தை விட்டு மெல்ல இறங்கி வருவதைக் கண்டால், நான் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை, மேசையில் பாண் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறேன்.